சலூ தீவுகள்: புகலிடமும் சிறையும்

தென் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில், பிரெஞ்சு கயானாவின் கூரூ நகருக்கு எதிரே, ஏறத்தாழ 14 கி.மீ. தொலைவில் ரோயால், செயிண்ட் ஜோசப், சாத்தான் தீவு என மூன்று சிறு தீவுகள் உள்ளன; மூன்றையும் சேர்த்தே சலூ தீவுகள், அதாவது மீட்புத் தீவுகள் என்பர். தென்னைகள் அடர்ந்து, அகூட்டி எனப்படும் முயலளவான கொறிவிலங்குகள் பாதையில் குறுக்கிட்டு ஓடும் ரோயால் தீவில் இறங்கும் பயணிக்கு, இது மனிதக் கை படாத காடு என்றே தோன்றக்கூடும். உண்மையில் கைதிகள் வெட்டித் திருத்திய நிலத்தைத்தான் காடு மீண்டும் மூடியிருக்கிறது.

கனடாவை இழந்த பிரான்ஸ், அதற்கு ஈடுகட்டும் எண்ணத்துடன் 1763 முதல் கூரூவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் குடியேற்ற முயன்றது. காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றன. எஞ்சியோருட் சிலர், கடற்காற்று வீசுவதால் கொசுத்தொல்லை குறைந்த இத்தீவுகளில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களைக் காத்த அதே கடல், அதன் கடும் நீரோட்டங்களாலும் சுறாக்களாலும், 1852இல் தண்டனைக் குடியேற்றம் தொடங்கியபோது காவல்மதிலாகப் பயன்பட்டது.

1854ஆம் ஆண்டுச் சட்டம் ‘தூப்லாஜ்’ என்னும் இரட்டிப்பு முறையைக் கொண்டுவந்தது: எட்டாண்டுக்குக் குறைவான தண்டனை பெற்றவர், அதை முடித்த பின்னும் அதே அளவு காலம் கயானாவில் தங்க வேண்டும், எட்டாண்டும் அதற்கு மேலும் பெற்றவர் ஆயுள் முழுதும் தங்க வேண்டும். விடுதலை என்ற சொல்லையே பொருளற்றதாக்கிய இவ்விதியைவிடக் கொடிய தண்டனை அக்குடியேற்றத்தில் வேறு இருந்ததெனச் சொல்வதற்கில்லை. தப்ப முயன்று பிடிபட்டோர் செயிண்ட் ஜோசப்பின் தனிமைச் சிறையில் அடைக்கப்பட்டனர்; அங்கே அறைகளுக்குக் கூரையாக இரும்புக் கம்பிகளே இருந்தன, அவற்றின் மேலே காவலர்கள் நடந்து கண்காணித்தனர், கைதிகள் வாய் திறந்து பேசுவதற்குத் தடை இருந்தது. இறந்த கைதிகளைக் கடலில் எறிந்தனர். காவலர்களுக்கோ தீவிலேயே இடுகாடு இருந்தது.

முன்னர்த் தொழுநோயாளர் வைக்கப்பட்டிருந்த சாத்தான் தீவில், பொய்யான தேசத்துரோகக் குற்றச்சாட்டில் தண்டிக்கப்பட்ட படை அதிகாரி ஆல்ஃபிரட் டிரைஃபஸ் 1895 முதல் 1899 வரை அடைபட்டிருந்தார். அவர் தப்பிவிட்டார் என்ற வதந்தி 1896இல் பரவியதும், இரவில் அவரைக் கட்டிலோடு விலங்கிட்டனர். கடல் கண்ணில் படாதபடி குடிசையைச் சுற்றி உயரமான வேலியும் எழுப்பினர்.

ஆல்பெர் லோந்த்ர் என்ற இதழாளர் 1923இல் எழுதிய கட்டுரைகள் பிரான்சில் கொந்தளிப்பை உண்டாக்கின. எனினும் கைதிகளை அனுப்புவதை நிறுத்தும் ஆணை 1938இல்தான் வந்தது, குடியேற்றம் முற்றிலும் கலைய 1953 வரை ஆயிற்று. 1971 முதல் தீவுகள் பிரெஞ்சு விண்வெளி ஆய்வு மையத்தின் உடைமையாக உள்ளன. கூரூவிலிருந்து ஏவப்படும் சில ராக்கெட்டுகளின் பாதையில் அவை அமைவதால், அந்நாட்களில் பயணிகள் வெளியேற்றப்படுகின்றனர். சாத்தான் தீவில் இறங்க அனுமதி இல்லை. ரோயாலின் விடுதியோடு திரும்பிவிடும் பயணி தீவுகளின் அழகை மட்டுமே காண்கிறார். அவற்றின் வரலாற்றை அறிய விரும்புவோர் செயிண்ட் ஜோசப்பின் கூரையற்ற அறைகளுக்குச் சென்றே ஆக வேண்டும்.