பருவப் பண்டமும் பண்டைப் பண்ணியமும்

உணவை உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என நால்வகைப்படுத்திக் கூறுவது தமிழ் மரபு. உண்பன பசி தீர்க்கும். தின்பன மனம் நிறைக்கும். பசிக்கு வரலாறு எழுதியோர் பலர். தின்பண்டத்திற்கு எழுதியோர் சிலரே. ஆயினும், அச்சிறு பண்டத்துள் ஒரு மக்களின் காலக் கணக்கும் ஊர்ப் பற்றும் அடங்கிக் கிடக்கின்றன. அதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எங்கள் அசாம் ஜாவா வட்டாரத் தோட்டப் பள்ளியில் பயின்று, இன்று கோலாலம்பூரில் பணியாற்றும் பழைய மாணவி ஒருத்தி, ஜப்பான் சென்று திரும்பியபோது அந்நாட்டு 24 மணி நேரக் கடைகளில் வாங்கிய சில பொட்டலங்களைப் பள்ளிக்குக் கொணர்ந்தாள். பிள்ளைகளுக்குக் கொடுக்குமுன், உறையில் உள்ளதைப் படித்துச் சொல்லுமாறு கேட்டேன். கைப்பேசியின் துணையால் அவள் படித்தாள். ஒன்றில் மாட்டிறைச்சிச் சாறு கலந்திருந்தது. அதனைத் தனியே வைத்தோம். எஞ்சியவை செர்ரிப் பூ மணமூட்டிய சாக்லெட்டும், ஊதா நிறச் சக்கரவள்ளிக்கிழங்குச் சீவலும் ஆம். பூவின் சுவை பலருக்குப் பிடிக்கவில்லை. "சவுக்காரம் மாதிரி இருக்கு ஐயா," என்றான் ஒருவன். கிழங்குச் சீவலோ நொடியில் தீர்ந்தது.

உறைகளின்மேல் 'கிக்கான் கெந்தெய்' என்ற தொடர் காணப்பட்டது. குறித்த காலத்திற்கு மட்டும் என்பது அதன் பொருளாம். "இதற்குத் தமிழில் ஒரு சொல் இல்லையா, ஐயா?" என்று ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள். அன்று விடை கூறாது வீடு திரும்பினேன். அவ்விடையைத் தேடியதன் பயனே பின்வருவன.

இக்கடைகளின் தாயகம் ஜப்பான் அன்று. 1927இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் பனிக்கட்டி விற்ற நிறுவனம் ஒன்று, பால், ரொட்டி, முட்டை ஆகியவற்றையும் உடன் விற்கலாயிற்று. காலை 7 மணி முதல் இரவு 11 மணிவரை திறந்திருந்தமையின், 1946இல் 'செவன் இலெவன்' என்னும் பெயர் அமைந்தது. 1974 மே மாதத்தில் தோக்கியோவின் தொயொசுப் பகுதியில் அதன் கடை திறக்கப்பெற்றது. மலேசியாவிற்கு அப்பெயர் 1984இல் வந்தது. ஜப்பானிய நிறுவனமாகிய பேமிலிமார்ட் 2016இல் வந்தது. இன்று ஜப்பானில் இத்தகைய கடைகள் 50,000க்கும் மேற்பட்டன.

கடையோ சிறியது, அடுக்கத்தக்க பண்டங்கள் ஏறத்தாழ 3,000. விலைபோகாத ஒன்று அங்கு இடத்தை அடைத்துக்கொண்டிருத்தல் ஆகாது. 1982 முதல், விற்பனையை உடனுக்குடன் பதியும் பொறியைச் செவன் இலெவன் அங்குக் கையாண்டது. எப்பண்டம் எந்நேரத்தில் விலைபோயிற்று என்பது விரைவில் புலனாயிற்று. எனவே, புதுச் சுவைகள் வருவதும் சில வாரங்களில் மறைவதும் வழக்கமாயின. 1973இல் ஜப்பானுக்குச் சென்ற ஆங்கிலேயப் பண்டமாகிய கிட் கேட், 2000இல் ஸ்ட்ராபெரிச் சுவையும் 2004இல் பச்சைத் தேயிலைச் சுவையும் பெற்று, இன்றுவரை 300க்கு மேற்பட்ட சுவைகளில் உலவியுள்ளது. அதன் பெயர் 'உறுதியாக வெல்வாய்' என்னும் ஜப்பானியத் தொடரைப்போல் ஒலிப்பதால், தேர்வெழுதும் மாணவர்க்கு அதனை வழங்கும் வழக்கமும் தோன்றியது.

இவையனைத்தும் வணிகரின் சூழ்ச்சியே எனத் தள்ளிவிடலாமோ? முழுதும் தள்ளலாகாது. உப்பிட்ட செர்ரி இலையில் பொதிந்த 'சக்குரா மொச்சி' என்னும் இனிப்பு, 1717இல் எதோ நகரத்துச் சோமெய்ஜிக் கோயிலருகே தோன்றியது என்பர். அந்நகரே இன்றைய தோக்கியோ. பருவத்தோடு ஒட்டி உண்ணும் அப்பழைய மரபின்மீதுதான் இக்கால வணிகர் தம் வாணிகத்தைக் கட்டியுள்ளனர். மண் இடும் எல்லையும் உண்டு. 2016 ஆகஸ்டில் ஹொக்கைடோத் தீவைச் சூறாவளிகள் தாக்கின. உருளைக்கிழங்கு விளைச்சல் குன்றவே, 2017 ஏப்ரலில் கால்பீ முதலிய நிறுவனங்கள் சில வறுவல் வகைகளின் விற்பனையை நிறுத்தின. ஆகவே, எல்லை இருவகைத்து: மண் இடுவது ஒன்று, மனிதன் இடுவது மற்றொன்று.

இனி நம் பக்கம் நோக்குவோம். தின்பண்டத்திற்குப் 'பண்ணியம்' என்பது பழந்தமிழ்ப் பெயர். மதுரை நகரின் இரவைக் கூறும் மதுரைக்காஞ்சி, மெல்லிய அடையும் மோதகமும் விற்கும் கூவியரைக் காட்டுகிறது. திருவாதிரைக்குக் களி, கார்த்திகைக்குப் பொரி உருண்டை, கண்ணன் பிறந்த நாளுக்குச் சீடை, தீபாவளிக்கு அதிரசம் என்று நாளுக்கொரு பண்டம் வகுத்தவர் நம் முன்னோர். ஊருக்கொரு பண்டமும் உண்டு. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019இலும், கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020இலும், மணப்பாறை முறுக்கு 2023இலும் இந்திய அரசின் புவிசார் குறியீடு பெற்றன. ஈப்போவை அடுத்த புந்தோங்கிலோ, எட்டயபுர வட்டாரத்திலிருந்து வந்தோர் குடியேறி வறுத்து விற்ற கச்சாங் பூத்தேயின் பெயரைக் குடியிருப்பே பெற்றுவிட்டது.

ஆயின், நிலநடுக்கோட்டை அடுத்த சிலாங்கூரில் ஆறு பெரும்பொழுதுகள் ஏது? 1917இல் ஆன்றி போக்கோன்னியே என்னும் பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அமைத்த தென்னமாரம் எங்கள் கோலசிலாங்கூர் மாவட்டத்திலேயே உள்ளது. செம்பனை ஆண்டு முழுதும் காய்க்கும். பால்மரம் இலையுதிர்க்கும் சில வாரங்கள் நீங்கலாக, ஒரு மாதத்திற்கும் மறுமாதத்திற்கும் கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. இத்தகைய நாட்டில் நம்மவர் பருவத்தை அடுப்பில் வைத்துக் காத்தனர். பொரி உருண்டை பிடித்தால் கார்த்திகை. முறுக்கு பிழிந்தால் ஐப்பசி. பருவமில்லா நாட்டில் பண்டமே பருவமாயிற்று.

என் தாயார் பெரட்டுக்குச் செல்லுமுன் அரிசியை ஊறவைப்பார். வேலை முடிந்து வந்தபின் மாவாக்கி, இரவெல்லாம் முறுக்கு பிழிந்து, மிலோ டின்னில் அடைத்து உயரத்தில் வைப்பார். தீபாவளி கழிந்த பத்தாம் நாள் டின்னின் அடியில் துகளே எஞ்சும். அடுத்த முறுக்குக்கு ஓராண்டு காத்திருப்போம். அந்த எல்லையை இட்டது மண்ணும் அன்று, வணிகனும் அன்று. எண்ணெய் வாங்கும் காசும் தாயின் கை ஓய்வுமே அதனை இட்டன. இதனை மூன்றாவது எல்லை எனலாம்.

இன்று முறுக்கு எல்லா மாதத்திலும் கடையில் கிடைக்கிறது. இதற்கு வருந்துவது முறையன்று. வறுமை இட்ட எல்லை தகர்ந்தது நன்றே. பிழிந்து விற்கும் பெண்களுக்கு அது வருவாயும் ஆயிற்று. வருந்தத்தக்கது வேறொன்று. தோட்டங்கள் கைமாறி, லயங்கள் இடிந்து, மக்கள் பட்டணம் பெயர்ந்தபோது பண்டங்களின் பெயர்களும் உதிர்ந்து வருகின்றன. பொரிவிளங்காய் உருண்டை எது என்று என் வகுப்பில் கேட்டேன். ஒரு கையும் உயரவில்லை. செர்ரிப் பூவின் சுவையை அறிந்த நாவு, தன் பாட்டி பிடித்த உருண்டையின் பெயரை அறியாதிருப்பது பள்ளிக்கு அழகன்று.

ஆசிரியப் பெருமக்கள் இதற்கு ஒன்று செய்யலாம். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு முதியோரிடம் ஒரு பண்டத்தின் பெயர், அது செய்யும் மாதம், செய்முறை, எவ்வூரிலிருந்து அக்கைப்பழக்கம் வந்தது என்னும் நான்கையும் கேட்டு எழுதி வரட்டும். ஓராண்டில் ஒரு வட்டாரத்தின் வரலாறு கிடைத்துவிடும். மொழிப்பாடமும் அதனுள் அடங்கும்.

மறுவாரம் அம்மாணவியிடம், காலத்தால் எல்லையுற்றதைப் 'பருவப் பண்டம்' என்றும், இடத்தால் எல்லையுற்றதை 'ஊர்ப் பண்டம்' என்றும் கூறலாம் என்றேன். அவள் சற்றே எண்ணி, "அப்படின்னா எங்க பாட்டி சுடும் அதிரசமும் கிக்கான் கெந்தெய்தானே, ஐயா?" என்றாள். ஆம் என்றேன். அதன் செய்முறையை எழுதி வருமாறு அவளையே முதலில் பணித்தேன். இரண்டு பக்கம் எழுதி வந்தாள். பாகு பதம் பார்க்கும் முறையைப் பாட்டியால் சொல்லில் விளக்க இயலவில்லையாம். இந்தத் தீபாவளிக்கு அருகில் இருந்து பார்த்து எழுதுவதாகக் கூறியுள்ளாள்.