செயலிழந்த கணினியின் தடயம்: வேறு முகவரியில் எழும் லினக்ஸ் கேர்னல்

சேவையகக் கணினி ஒன்று திடீரென உறைந்து நின்றால், அதனை அணைத்து மீள இயக்குவதே வழக்கம். ஆனால் அது ஏன் நின்றது என்பதற்கான தடயமும் நினைவகத்திலிருந்து அத்தோடு அழிந்துவிடும். அதனைக் காப்பதற்காகவே லினக்ஸ் பணிசெயல் முறைமையில் 2005 இல் 'கேடம்ப்' சேர்க்கப்பட்டது.

நினைவகத்தின் ஒரு பகுதி முன்கூட்டியே ஒதுக்கப்பட்டு, அதில் இரண்டாவது கேர்னல் ஏற்றி வைக்கப்படுகின்றது. முதலாவது செயலிழந்ததும் இரண்டாவது எழுந்து, முதலாவதின் நினைவகத்தைக் கோப்பாகச் சேமிக்கின்றது.

முகவரியில்தான் சிக்கல். அப்போது இன்டெல் வகைக் கணினிகளில் கேர்னல் வழமையாக 1 மெகாபைட் முகவரியில் இருந்தே ஓடியது. இரண்டாவதும் அங்கேயே அமர்ந்தால், காக்க வேண்டியதையே அழித்துவிடும். எனவே தொகுக்கும்போது 'பிசிக்கல் ஸ்டார்ட்' என்ற தெரிவில் 16 மெகாபைட் முகவரியை இட்டு, தனியாக ஒரு கேர்னலை உருவாக்க வேண்டியிருந்தது. முதலாவது கேர்னலின் தொடக்கக் கட்டளையிலும், அதே 16 மெகாபைட்டிலிருந்து 64 மெகாபைட் இடத்தை ஒதுக்கிவைக்கச் சொல்ல வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் இரண்டாவது கேர்னலை ஏற்றவே முடியாது.

2007 இல் இடம்பெயரக்கூடிய கேர்னல் வந்தபின் இந்தச் சிரமம் நீங்கியது. (அந்தச் சொல்லை நமக்கு விளக்கத் தேவையில்லை.) ஒரே கேர்னலே எந்த முகவரியிலும் எழும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேமிக்கப்படும் கோப்பில் பிழையின் தடயம் மட்டும் இருப்பதில்லை. அந்நேரம் நினைவகத்தில் இருந்த கடவுச்சொற்கள், மடல்கள், பெயர்ப்பட்டியல்களும் அதில் இருக்கலாம். பழுது பார்ப்பவரிடம் அதனைக் கொடுக்கும் முன் அவர் யார் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.