கருணையும் நீதியும்: 'கத்தோலிக்கத் தொழிலாளி' இயக்கத்து இளந்தொண்டர் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

சமயத்தின் சமூகப்பணி பற்றிய எழுத்துக்களில் இரண்டு போக்குகளைக் காண்கிறோம். சமயத் தொண்டு யாவும் தூய அன்பின் வெளிப்பாடே எனக் கொண்டு, அதன் வரலாற்றைப் புனிதர் சரிதையாக எழுதுவது ஒன்று. அது முழுவதும் சுரண்டலை மறைக்கும் திரையே எனக் கூறி, மேற்கொண்டு ஆராயாது விடுவது மற்றையது. பின்னையது மார்க்சியத்தின் பெயரால் கூறப்படுவதும் உண்டு. ஆயின், சமயம் துன்பத்தின் வெளிப்பாடாகவும் அத்துன்பத்துக்கு எதிரான கண்டனமாகவும் ஒரே வேளையில் அமைகின்றது என்று 1844ஆம் ஆண்டிலேயே மார்க்ஸ் சுட்டிக்காட்டியிருந்தமையை இவ்வாறு கூறுவோர் மறந்துவிடுகின்றனர். இவ்விரு தன்மைகளுள் எது, எச்சூழலில், யாருடைய உழைப்பின் வாயிலாக மேலோங்குகின்றது என்பதே வரலாற்று நோக்குடையோர் கேட்கவேண்டிய வினாவாகும்.

இவ்வினாவை ஒரு குறிப்பிட்ட இயக்கத்தின் வரலாற்றில் வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். 1933ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில் தோன்றிய 'கத்தோலிக்கத் தொழிலாளி' இயக்கத்தை இங்கு எடுத்துக்கொள்கிறோம். அது துறவற சபையன்று. அதில் இணைவோர் வார்த்தைப்பாடு எடுப்பதில்லை. குருமாரின் தலைமையும் அதற்கில்லை. பொதுநிலையினரான கத்தோலிக்கர் தாமாக அமைத்துக்கொண்ட கூட்டுவாழ்வு அது. இருபது வயதை ஒட்டிய இளைஞரும் யுவதிகளும் அங்கு வந்து, ஊதியம் பெறாது, உணவும் உறைவிடமும் மட்டும் பெற்று, சில மாதங்களோ சில ஆண்டுகளோ வீடற்றோருடன் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து உழைத்தனர். இவ்வுழைப்பு யாருக்குப் பயன்பட்டது, எதனை மாற்றியது, எதனை மாற்றாது விட்டது என்பனவே நாம் ஆராயவிருப்பவை.

இயக்கம் தோன்றிய சூழலை முதலில் நோக்குதல் வேண்டும். 1929இல் தொடங்கிய பொருளாதார மந்தம் 1933இல் உச்சத்தை எட்டியபோது, ஐக்கிய அமெரிக்காவின் தொழிற்படையில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கினர் வேலையற்றிருந்தனர். அந்நாட்டுக் கத்தோலிக்கரிற் பெரும்பாலோர் அயர்லாந்து, இத்தாலி, போலந்து முதலிய நாடுகளிலிருந்து குடிபெயர்ந்த உழைப்பாளரின் வழிவந்தோர். தொழிலாளரை இழந்துவிடக்கூடும் என்ற அச்சம் திருச்சபைக்கு ஐரோப்பாவில் முன்னரே ஏற்பட்டிருந்தது. 1891இல் பாப்பரசர் 13ஆம் லியோ (சிங்கராயர்) வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடல், தனியுடைமையைப் பாதுகாத்துச் சோஷலிசத்தை நிராகரித்தது. அதேவேளை நியாயமான கூலியையும் தொழிலாளர் சங்கங்களையும் ஏற்றுக்கொண்டது. 1931இல் 11ஆம் பத்திநாதர் அதே வழியில் மற்றொரு சுற்றுமடலை வெளியிட்டார். எனினும் இவ்வாவணங்கள் சாதாரண உழைப்பாளரை எட்டவில்லை. வேலையற்றோரை வீதியில் திரட்டிக்கொண்டிருந்தோர் கம்யூனிஸ்டுகளே.

இவ்விடைவெளியிலேயே டொறத்தி டே (1897–1980) தோன்றுகிறார். பல்கலைக்கழகப் படிப்பை இடைநிறுத்தி நியூயோர்க்குக்கு வந்து, 'கோல்', 'மாஸஸ்' ஆகிய சோஷலிசப் பத்திரிகைகளில் எழுதியவர் அவர், 1917இல் பெண்களின் வாக்குரிமை கோரி வெள்ளை மாளிகையின் முன்னால் நின்று சிறை சென்றவர், 1927இல் கத்தோலிக்கரானவர். 1932 டிசெம்பரில் வேலையற்றோர் வாஷிங்டனில் நடத்திய பட்டினி ஊர்வலம் பற்றி எழுதச் சென்றபோது, அதனை ஒழுங்குசெய்தோர் கம்யூனிஸ்டுகளாயிருக்கத் தம் சமயத்தவர் எங்கே என்ற வினா அவரை வருத்தியது. திரும்பி வந்ததும் பீற்றர் மோறினைச் சந்தித்தார். 1877இல் பிரான்சின் தென்பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்திற் பிறந்த மோறினிடம் மும்முனைத் திட்டம் ஒன்றிருந்தது: அறிஞரும் தொழிலாளரும் ஒன்றாய் அமரும் கலந்துரையாடல்கள், ஏழைகளை ஏற்கும் விருந்தோம்பல் இல்லங்கள், நகரைவிட்டு நிலத்துக்கு மீளும் கூட்டுப்பண்ணைகள். நிலைமானிய கால மடாலய வாழ்வை இலட்சியப்படுத்திய ஒருவரும், சோஷலிச இயக்கத்தில் எழுத்துப் பயின்ற ஒருவரும் இணைந்தமையே இவ்வியக்கத்தின் தொடக்க முரண்பாடாகும். பின்னர் நிகழ்ந்தவற்றிற் பல இதிலிருந்தே கிளைத்தன.

1933 மே 1ஆம் நாள், யூனியன் சதுக்கத்தில் திரண்டிருந்த மேதினக் கூட்டத்தினரிடையே 'கத்தோலிக்கத் தொழிலாளி' பத்திரிகையின் முதல் இதழ் விற்கப்பட்டது. பிரதிகள் 2,500, விலை ஒரு சதம். கம்யூனிஸ்ட் கட்சியின் 'டெய்லி வேர்க்கர்' பத்திரிகைக்கு மறுமொழியாகவே அப்பெயரும் அந்நாளும் தெரிவுசெய்யப்பட்டன. ஓராண்டளவில் பிரதிகளின் தொகை ஓரிலட்சத்தை எட்டியது. 1935இல் இருபத்தொரு வயதினரான ஓவியர் அடே பெத்யூன் அதற்கு முகப்புச் சித்திரம் வரைந்தளித்தார். வெள்ளைத் தொழிலாளி ஒருவரும் கறுப்புத் தொழிலாளி ஒருவரும் கைகோத்து நிற்க, இருவரையும் கிறிஸ்து அணைத்து நிற்கும் காட்சி அது. தொழிற்சங்கங்கள் பலவும் நிறத்தால் பிளவுண்டிருந்த காலத்தில் இச்சித்திரம் ஓர் அரசியல் நிலைப்பாட்டையே வெளிப்படுத்தியது. இயக்கத்தின் கலை, எழுத்து, அச்சுப்பணி யாவும் இத்தகைய இளைஞரின் ஊதியமற்ற உழைப்பாலேயே நிகழ்ந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது.

பத்திரிகையைப் படித்தோர் அதன் வாசலுக்கே வந்தனர். வேலையற்றோர் உணவுக்காகவும், கல்லூரி மாணவரும் பட்டதாரிகளும் தொண்டுக்காகவும் வந்தனர். 1936இல் மோட் வீதியில் இயக்கம் குடியேறிய வீட்டின் முன்னால் காலைதோறும் நூற்றுக்கணக்கானோர் கோப்பிக்கும் பாணுக்கும் வரிசையில் நின்றனர். கோப்பி காய்ச்சுதல், பாண் வெட்டுதல், படிக்கட்டுக் கழுவுதல், பழைய உடைகளைத் தரம் பிரித்தல், இதழ்களுக்கு முகவரி எழுதுதல், மாலையில் விவாதித்தல் என்பனவாகத் தொண்டரின் நாள் கழிந்தது. நன்கொடையாக வந்த உடையையே அவர்களும் அணிந்தனர். வரிசையில் நின்றோர் உண்டதையே அவர்களும் உண்டனர். கொடுப்போன் மேலும் பெறுவோன் கீழுமாக அமையும் மரபான தருமத்திலிருந்து இது வேறுபட்டது. ஆயினும் ஒரு வேறுபாடு அழியவில்லை. வரிசையில் நின்றவனுக்குத் திரும்பிச் செல்ல வேறிடம் இல்லை. கல்லூரியிலிருந்து வந்தவனுக்கு இருந்தது. ஒருவன் விரும்பி ஏற்ற வறுமையும் மற்றவன்மேற் சுமத்தப்பட்ட வறுமையும் ஒரே மேசையில் அமர்ந்தபோதும் ஒரே வறுமையாகிவிடவில்லை.

இயக்கத்தின் சிந்தனையும் இதே எல்லையைக் கொண்டிருந்தது. ஒவ்வொருவரும் தம் அயலவனுக்குத் தாமே பொறுப்பேற்க வேண்டும் என்பது மோறினின் போதனை. அரசின் நலத்திட்டங்களை அவரும் டேயும் ஐயத்துடனேயே நோக்கினர். உற்பத்திச் சாதனங்களின் உடைமை பற்றிய வினா இதனாற் பின்தள்ளப்பட்டு, தனிமனித மனமாற்றம் முதன்மை பெற்றது. 1936இல் பென்சில்வேனியா மாநிலத்து ஈஸ்டனில் தொடங்கிய கூட்டுப்பண்ணையின் கதி இதற்கு எடுத்துக்காட்டாகும். உழவு பயிலாத நகரத்து இளைஞர் அங்கு சென்று, உழைப்பிலும் அதிகமாக விவாதத்திலும் பிணக்கிலும் காலங்கழித்தனர், பண்ணை நிலைபெறவில்லை. முதலாளித்துவச் சந்தையின் நடுவே சிறு நிலத்துண்டு ஒன்றில் பழைய உலகை மீட்கும் முயற்சிகள் பலவும் இவ்வாறே முடிந்துள்ளன.

எனினும் போதனையை மட்டும் கொண்டு ஓர் இயக்கத்தை மதிப்பிடுதல் போதாது. வர்க்கப் போராட்டம் வாசலுக்கு வந்தபோது அது எங்கு நின்றது என்பதையும் பார்த்தல் வேண்டும். 1936–37இல் நியூயோர்க் துறைமுகக் கடலோடிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, இளந்தொண்டர்கள் துறைமுகத்தருகே ஓர் இடத்தைத் திறந்து அவர்களுக்கு உணவளித்தனர். 1937இல் மோட் வீதி இல்லத்தின் சமையலறை மேசையைச் சுற்றியிருந்து கத்தோலிக்கத் தொழிற்சங்கவாதிகளின் சங்கத்தைத் தோற்றுவித்தோருள், ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற் பயின்று தொண்டராக வந்த ஜோன் கோட் என்ற இளைஞரும் ஒருவர். இச்சங்கம் பல வேலைநிறுத்தங்களுக்குத் துணைநின்றது. ஆனால் தொழிற்சங்கங்களிலிருந்து கம்யூனிஸ்டுகளை வெளியேற்றும் முயற்சியிலும் முன்னின்றது. ஒரே மேசையிலிருந்து தொழிலாளரின் பலத்தைப் பெருக்கும் செயலும் அதனைப் பிளக்கும் செயலும் பிறந்தன.

1949ஆம் ஆண்டு நிகழ்வு எமது ஆய்வுக்கு மிகவும் முக்கியமானது. நியூயோர்க் மேற்றிராசனத்தின் பொறுப்பிலிருந்த கல்வாரி மயானத்தில் குழிவெட்டும் தொழிலாளர், ஆறு நாள் வேலைக்குப் பெற்ற ஊதியத்தை ஐந்து நாள் வேலைக்குக் கோரி வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களிற் பெரும்பாலோர் கத்தோலிக்கர். கர்தினால் ஸ்பெல்மன் இதனைக் கம்யூனிஸ்ட் சதி என வருணித்தார். மார்ச் மாதத்தில் தமது குருமட மாணவரை அழைத்துச் சென்று குழிவெட்டச் செய்தார். இளந்தொண்டரோ வேலைநிறுத்தக்காரருடன் நின்று கர்தினாலுக்கு எதிராக மறியல் செய்தனர். டே கர்தினாலுக்கு நேரடியாகக் கடிதம் எழுதி, தொழிலாளரைச் சந்திக்கும்படி வேண்டினார். ஈற்றில் தொழிலாளர் தம் சங்கத்தைக் கைவிட்டு வேறொரு தொழிற்சங்கத்தில் இணைந்து, வேலைநேரக் கோரிக்கை நிறைவேறாமலே வேலைக்குத் திரும்ப நேர்ந்தது.

இக்காட்சியை ஆழ்ந்து நோக்குவோம். மண்வெட்டி ஏந்திய குருமட மாணவரும் மறியல் அட்டை ஏந்திய தொண்டரும் ஏறத்தாழ ஒரே வயதினர். ஒரே பீடத்தில் நற்கருணை பெற்றவர்கள். இரு சாராரும் ஊதியமின்றி உழைத்தனர். இறந்தோரை அடக்கம் செய்தல் திருச்சபை கூறும் இரக்கச் செயல்களுள் ஒன்றாதலால், மாணவரும் தாம் புண்ணியமே செய்வதாக நம்பியிருத்தல் கூடும். ஆனால் அன்று அவர்களது உழைப்பு வேறொருவனின் கூலியைக் குறைக்கும் கருவியாயிற்று. ஊதியமற்ற உழைப்புக்குத் தன்னளவில் அறப்பெறுமதி எதுவும் இல்லை என்பதும், அது எந்தச் சமூக உறவினுள் நிகழ்கின்றது என்பதே அதன் பெறுமதியை நிருணயிக்கின்றது என்பதும் இங்கு ஐயத்துக்கிடமின்றிப் புலனாகின்றன.

அரசுடனான முரண்பாடு இயக்கத்தை மேலும் ஆழமாகச் சோதித்தது. இரண்டாம் உலகப்போரின்போதும் டே போரை நிராகரித்தமையால் தொண்டரிடையே பிளவு ஏற்பட்டு, இல்லங்கள் பல மூடப்பட்டன. பத்திரிகையின் விற்பனையும் வீழ்ந்தது. பாசிசத்துக்கு எதிரான போரை ஏனைய போர்களிலிருந்து வேறுபடுத்த மறுத்த இந்நிலைப்பாட்டை நாம் ஏற்பதற்கில்லை. ஆனால் அதே பிடிவாதம் அணுவாயுத காலத்தில் வேறொரு பயனைத் தந்தது. 1955இல் அணுகுண்டுத் தாக்குதலுக்கான ஒத்திகையின்போது பதுங்கிடம் செல்ல மறுத்து ஏறத்தாழ முப்பதுபேர் கைதாகினர்; 1961இல் மறுப்போரின் தொகை ஆயிரக்கணக்காகியது; அதன்பின் ஒத்திகைகள் கைவிடப்பட்டன. 1965 ஒக்டோபர் 15ஆம் நாள், இளந்தொண்டரான டேவிட் மில்லர் தம் கட்டாய இராணுவ சேவை அட்டையைப் பகிரங்கமாக எரித்து, பின்னர் ஏறக்குறைய இரண்டாண்டுகளைச் சிறையிற் கழித்தார். வியட்நாம் போருக்கெதிரான மாணவர் எழுச்சிக்கு இச்செயல் ஒரு முன்மாதிரியாயிற்று. அடுத்த மாதமே ரொஜர் லாபோர்ட் என்ற 22 வயதுத் தொண்டர், அப்போரைக் கண்டித்து ஐக்கிய நாடுகள் சபையின் முன்னால் தம்முயிரை மாய்த்துக்கொண்டார். ஓர் ஏகாதிபத்திய அரசின் குற்றம் முழுவதையும் தனியொருவனின் மனச்சாட்சிமேற் சுமத்தும் சிந்தனையின் பேராபத்தை இம்மரணம் உணர்த்துகின்றது. கூட்டுச்செயலால் மட்டுமே தாங்கத்தக்க பாரம் அது.

இயக்கத்தைவிட்டு வெளியேறியோரின் வரலாறும் இயக்கத்தின் வரலாறே. மைக்கல் ஹரிங்டன் (1928–1989) ஆங்கில இலக்கியத்தில் முதுமாணிப் பட்டம் பெற்று, 1951இல் தொண்டராக வந்து பத்திரிகையின் ஆசிரியர்களுள் ஒருவராகவும் பணியாற்றினார். ஏறக்குறைய ஈராண்டுகளின்பின் இயக்கத்தையும் திருச்சபையையும் விட்டுச் சோஷலிச இயக்கத்தில் இணைந்தார். செல்வம் கொழிக்கும் நாட்டினுள் நான்கு அல்லது ஐந்து கோடி ஏழைகள் கண்ணுக்குத் தெரியாது வாழ்கின்றனர் என்று 1962இல் அவர் எழுதிய 'மற்றைய அமெரிக்கா' என்ற நூல் காட்டியது. 1964இல் அந்நாட்டரசு வறுமைக்கெதிரான போரைப் பிரகடனஞ்செய்வதற்கு உந்துதலளித்த நூல்களுள் அதுவும் ஒன்று. வறுமையின் முகத்தை ஹரிங்டன் அறிந்துகொண்டது விருந்தோம்பல் இல்லத்தில். அதன் காரணத்தை விளக்கும் கோட்பாட்டை அவர் தேடிப் பெற்றது அதற்கு வெளியே. இவ்விரண்டுள் எதனை விலக்கினும் அந்நூல் தோன்றியிராது.

டே 1973இல், தம் எழுபத்தைந்தாம் வயதில், கலிபோர்னியாப் பண்ணைத் தொழிலாளரின் போராட்டத்தில் கலந்து சிறை சென்றார், 1980இல் மறைந்தார். அவரைப் புனிதராக்கும் முயற்சி 2000ஆம் ஆண்டில் முறைப்படி தொடங்கியது. 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் அமெரிக்கக் காங்கிரஸில் உரையாற்றியபோது அவரைப் பெயர்குறித்துப் போற்றினார். கர்தினாலுக்கு எதிரே நின்றவரைப் பீடத்தில் ஏற்றுவதன் மூலம் மறியல் அட்டையை மறக்கச் செய்தலும் இயலும். அதனாலேயே இவ்வரலாற்றைப் புனிதர் சரிதையாக அன்றிச் சமூக வரலாறாக எழுதுவது அவசியமாகின்றது.

தொகுத்துக் கூறின், இவ்விளந்தொண்டரின் உழைப்பு பசித்தோருக்கு உணவளித்தது. பசியை உண்டாக்கும் அமைப்பை அது மாற்றவில்லை. மாற்றுவதற்கான கோட்பாடும் அதனிடம் இருக்கவில்லை. ஆனால் அவ்வமைப்பு மறைத்துவைத்த மனிதரை அது நேருக்குநேர் காணச் செய்தது. கண்டோரிற் சிலரை நீதிக்கான போராட்டத்துக்கு இட்டுச் சென்றது. கருணை நீதிக்கு ஈடாகாது; நீதியைத் தேடும் வழிக்கு அது வாயிலாகலாம், அவ்வழியை அடைக்கும் கதவுமாகலாம். இளைஞர் தம் உழைப்பை ஊதியமின்றி வழங்கும் எந்த அமைப்பிடத்தும், அது சமயச் சார்பானதாயினும் சாராததாயினும், நாம் கேட்கவேண்டிய வினா கல்வாரி மயானம் எழுப்பிய அதே வினாவாகும்: தொழிலாளர் வேலையை நிறுத்தும் நாளில் இவ்வுழைப்பு யார் பக்கம் நிற்கும்?