ஆண்டோ என்னும் கருமண்

ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு நிற்கும் நிலத்தைக் காட்டி இது என்ன மண் என்று கேட்டால், யாரும் யோசிக்காமல் செம்மண் என்பார்கள். கோவில்பட்டிப் பக்கம் போனால் கரிசல். ஆற்றங்கரையில் வண்டல். உப்புப் பூத்துக் கிடந்தால் உவர், பயிர் ஏறாமல் போனால் களர். நம் முன்னோர் மண்ணுக்குப் பெயர் வைத்தது கண்ணாலும் காலாலும்தான். நிறம் என்ன, நடந்தால் ஒட்டுகிறதா உதிர்கிறதா, நீர் நிற்கிறதா வடிகிறதா என்று பார்த்தே பெயரிட்டார்கள்.

ஆயக்குடிக்குத் தெற்கே மதிலாக எழும் பழனிமலையில் ஏறி 2,000 மீட்டர் உயரத்தைத் தொட்டால், இந்தப் பட்டியலுக்குள் அடங்காத ஒரு மண் எதிர்ப்படும். சோலைக்காட்டின் அடியில் கிடக்கும் அந்த மண் கறுப்புதான். ஆனால் கரிசல் அல்ல. கரிசல் மழையில் காலைப் பிடித்துக்கொள்ளும், கோடையில் பாளம் பாளமாகப் பிளக்கும். இந்த மேல்மலை மண்ணோ கையில் அள்ளினால் கனக்காது, பிடித்து நசுக்கினால் பொலபொலவென்று உதிரும். இதே போன்ற பாறை, இதே போன்ற சோலை, இதே மாதிரியான மூடுபனி கொண்ட நீலகிரியில் இந்தக் கருமண்ணை ஆராய்ந்தவர்கள் அதற்கு ஒரு பெயரைச் சொன்னார்கள்: ஆண்டிசால். உலகெங்கும் எரிமலைச் சாம்பல் மண்ணுக்கு வழங்கும் பெயர் அது. எரிமலையே இல்லாத மலைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதைத்தான் இங்கே பின்தொடர்கிறேன்.

ஆண்டிசால் என்றதும் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடர் நினைவுக்கு வருவது இயல்பு. அந்த மலையின் பெயரால் ஆண்டிசைட் என்று ஓர் எரிமலைப் பாறையும் உண்டு. சாம்பல் மண் பல இடங்களில் அந்தப் பாறையின் சாம்பலிலிருந்தே பிறக்கிறது. எனவே இந்த ஊகத்துக்கு வலுக்கூடுகிறது. பழனிக்காரர் காதில் அது ஆண்டியின் பெயராகவே விழும். இரண்டும் ஒலி ஒற்றுமை மட்டுமே. சொல்லின் வேர் ஜப்பானில் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்து, ஜப்பான் அமெரிக்கப் படையின் ஆளுகையில் இருந்த காலம். நாட்டின் உணவு உற்பத்தியைப் பெருக்க மண்வளத்தை அறிய வேண்டியிருந்தது. அமெரிக்க மண்ணியலாளர்கள் விரைவு நில அளவை நடத்தினார்கள். மேட்டு நிலங்களில் ஆழமாகக் கறுத்துக் கிடந்த ஒரு மண் அவர்கள் அறிந்த எந்த வகையிலும் சேரவில்லை. 1947-இல் அதற்கு அவர்கள் ஆக்கிய பெயர்தான் ‘ஆண்டோ மண்’. ஜப்பானிய மொழியில் ‘அன்ஷோகுதோ’ என்றால் இருள்நிற மண். ‘அன்’ இருள், ‘ஷோகு’ நிறம், ‘தோ’ மண். நடுவில் இருந்த நிறத்தை விட்டுவிட்டு முதலையும் கடைசியையும் சேர்த்து ‘அன்தோ’ என்றார்கள். ஆங்கில எழுத்தின் வழியாக நம்மிடம் அது ஆண்டோ ஆயிற்று. ராய் சைமன்சன் என்ற அமெரிக்க மண்ணியலாளர் இந்தப் பெயரின் பிறப்பைப் பற்றி 1979-இல் தனியாக ஒரு கட்டுரையே எழுதினார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தப் பெயருக்குள் எரிமலை இல்லை, சாம்பல் இல்லை. இருட்டும் மண்ணும் மட்டுமே உண்டு.

அந்த நிலத்தை உழுத ஜப்பானிய உழவர்களிடம் இதற்கு முன்பே ஒரு பெயர் இருந்தது: ‘குரோபோகு’. ‘குரோ’ கறுப்பு. ‘போகு’ என்பது கால் வைத்தால் மண் பொதுக்கென்று உள்வாங்கும் மென்மையைக் குறிக்கும் ஒலிக்குறிப்பு. நாம் ‘பொலபொல’ என்று சொல்கிறோமே, அந்த இனத்துச் சொல். நிறத்தையும் மிதித்தறிந்த குணத்தையும் சேர்த்து வைத்த பெயர் அது. நம்மூரில் கரிசலுக்கும் களருக்கும் பெயர் வைத்தவர்களின் வழியும் இதுவேதான்.

பெயர் உலகம் சுற்றத் தொடங்கியதும் பொருள் நகர்ந்தது. 1949-இல் ஜேம்ஸ் தார்ப், கை ஸ்மித் இருவரும் வெளியிட்ட வகைப்பாட்டுக் கட்டுரை ஆண்டோ மண்ணை அறிவியல் உலகின் பட்டியலில் சேர்த்தது. ஜாவா, நியூசிலாந்து, கோஸ்டா ரிகா, கிழக்கு ஆப்பிரிக்கா என்று எரிமலையும் மழையும் சேர்ந்த இடங்களிலெல்லாம் இதன் உறவுகள் தென்பட்டன. சிலி நாட்டவர் தங்கள் மண்ணை ‘த்ருமாவ்’ என்று அழைத்துவந்தார்கள். உலக உணவு வேளாண்மை நிறுவனமும் யுனெஸ்கோவும் 1974-இல் வெளியிட்ட உலக மண் வரைபட விளக்கத்தில் ‘ஆண்டோசால்’ என்ற பெயர் நிலைபெற்றது. ‘சால்’ என்பது லத்தீனில் மண்ணைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஆகவே ‘தோ’ என்று ஒரு மண், ‘சால்’ என்று இன்னொரு மண்! 1978-இல் கை ஸ்மித் இதை அமெரிக்க வகைப்பாட்டில் தனி வரிசையாக்கும்படி முன்மொழிந்தார். 1990-இல் வந்த பதிப்பில் ‘ஆண்டிசால்’ இடம்பெற்றது. அந்த வகைப்பாட்டில் கிரேக்க வேருக்கு ‘ஓ’வும் மற்றவற்றுக்கு ‘இ’யும் இணைப்பாக வரும் என்பது விதி, ஆண்டோ ஆண்டியானது அதனால்தான்.

இப்படி ஊர் ஊராகப் போன பெயர் போன இடமெல்லாம் எரிமலையைச் சந்தித்ததால், இருள்மண் என்ற மூலப்பொருள் மங்கி, சாம்பல் மண் என்ற பொருள் ஒட்டிக்கொண்டது. தமிழிலும் ‘எரிமலைச் சாம்பல் மண்’ என்றே பெயர்க்கிறோம். இந்தப் பெயர்ப்புக்கு நியாயம் உண்டு. சாம்பலிலிருந்து இந்த மண் உருவாகும் விதம் அத்தனை தனித்தன்மை உடையது.

எரிமலை கக்கும் சாம்பல் அடுப்புச் சாம்பல் அல்ல. உருகிய பாறை காற்றில் சட்டென்று குளிர்ந்து, படிகமாகக் கட்டுவதற்குள் இறுகிப்போன கண்ணாடித் துகள். வெப்பமண்டல மலையின் மழை அதன்மேல் விழுந்துகொண்டே இருந்தால் அது மிக வேகமாகச் சிதையும். வெளிப்படும் அலுமினியமும் சிலிக்காவும் ஒழுங்கான களிமண் தட்டுகளாக அடுக்கப்பட நேரமில்லாமல், அல்லோபேன், இமோகோலைட் என்னும் நுண்பொருள்களாகத் திரளும். அல்லோபேன் கிரேக்கச் சொல். ‘வேறாகத் தோன்றுவது’ என்று பொருள். ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் சில பங்கே அகலமுள்ள உள்ளீடற்ற உருண்டை அது. இமோகோலைட் நுண்குழல், தெற்கு ஜப்பானில் ‘இமோகோ’ என்று உழவர்கள் அழைத்த மண்ணில் 1962-இல் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். இந்த உருண்டைகளும் குழல்களும் இலைமக்கைப் பற்றிக்கொள்கின்றன. பற்றிய மக்கு எளிதில் அழியாது. மண் கறுப்பதும், ஏராளமாக நீர் குடிப்பதும், எடை குறைவதும் இதனால்தான். ஒரு கன சென்டிமீட்டர் மண்ணின் எடை 0.9 கிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது இந்த வகையின் முக்கிய அளவுகோல்களில் ஒன்று. சாதாரண வயல் மண் பெரும்பாலும் 1.3 கிராம் அளவில் இருக்கும்.

இனி நீலகிரிக்கு வருவோம். தமிழ்நாட்டில் எரிமலை கிடையாது. நீலகிரிக்கும் பழனிமலைக்கும் அடித்தளம் சார்னகைட் என்ற மிகப் பழைய பாறை. அதன் பெயரும் நம் மண்ணோடு தொடர்புடையது. கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்த கல் சென்னைப் பக்கத்துப் பல்லாவரத்திலிருந்து போனது. தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் அந்தக் கல்லைக் கொண்டே 1893-இல் பாறைக்குப் பெயரிட்டார்.

இந்தப் பாறை நெடுங்காலம் மழையில் சிதைந்து, சத்தெல்லாம் கரைந்து போய், அலுமினியமும் இரும்பும் மட்டும் மிஞ்சிய களைத்த மண்ணாகிவிட்டது. வளமான இளம் சாம்பலுக்கு நேர் எதிரான மூலப்பொருள் இது. ஆனாலும் பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து லோரான் கனேர், ஜெரார் பூர்ஜோன் முதலியோர் நீலகிரியில் செய்து 2000-இல் வெளியிட்ட ஆய்வு, சுமார் 2,000 மீட்டருக்கு மேலே ஆண்டிசால் இருப்பதைக் காட்டியது. அதில் அல்லோபேன் இல்லை. அதன் வேலையை இலைமக்கே செய்கிறது. குளிரிலும் ஈரத்திலும் மெதுவாக மக்கும் சருகிலிருந்து வரும் அமிலங்கள் மிஞ்சிக் கிடந்த அலுமினியத்தையும் இரும்பையும் கவ்விப் பிடிக்கின்றன. அந்தக் கூட்டுதான் மண்ணைக் கறுக்க வைக்கிறது, லேசாக்குகிறது, பொலபொலக்க வைக்கிறது. உலக மண் வகைப்பாட்டில் இத்தகைய மண்ணுக்கு ‘அலுவாண்டிக்’ என்று ஒரு முன்னொட்டே உண்டு: அலுமினியத்தால் ஆன ஆண்டோ.

களத்தில் இதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பினாப்தலீன் தோய்த்த வடிதாளில் சிட்டிகை மண்ணை வைத்து, சோடியம் புளோரைடு கரைசலைச் சில சொட்டு விடுவார்கள். அலுமினியம் தன்னோடிருந்த ஹைட்ராக்சிலை விட்டுப் புளோரைடைப் பிடிக்கும். விடுபட்டதால் காரம் ஏறி, கறுப்பு மண்ணைச் சுற்றித் தாள் கருஞ்சிவப்பாகும். வேறு சில அமில மண்களும் இப்படி நிறம் காட்டும் என்பதால், முடிவைச் சொல்வது ஆய்வகம்தான்.

அதே அலுமினியம் உழவரின் செலவையும் கூட்டுகிறது. இந்த மண்ணில் இடும் மணிச்சத்தை அது இறுகப் பிடித்துக்கொள்ளும். பயிருக்குக் கிடைப்பது சிறு பங்கு. கரைசலில் உள்ள மணிச்சத்தில் நூற்றுக்கு 85 பங்கையாவது பிடித்துக்கொள்வது இந்த மண்ணுக்குரிய மற்றோர் அளவுகோல். உரத்தை நிலமெங்கும் தூவாமல் வேரருகே இடுவதும், சுண்ணாம்பிட்டு அமிலத்தைத் தணிப்பதும், தொழுவுரம் சேர்ப்பதும் இதற்கு மாற்று.

அடுத்தது அரிப்பு. காடு மூடியிருக்கும் வரை இந்த மண் மழையை உள்வாங்கி மெதுவாக விடும். மரத்தை நீக்கிச் சரிவில் மேலும் கீழுமாக உழுதால், வெயிலில் காய்ந்து போகும். ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் முன்பு குடித்த அளவு நீரை மறுபடி குடிக்காது. லேசான மண் ஆகையால் மழையோடு போய்விடும். பழனிமலையின் வடசரிவில் இறங்கும் ஓடைகள் அடிவாரத்து வரதமாநதி அணை போன்ற தேக்கங்களுக்கு நீர் தருகின்றன. மேலே கருமண் குறைந்தால் கீழே கோடை ஊற்று குறையும், அணையில் வண்டல் கூடும். ஆயக்குடித் தோப்புக்காரருக்கும் மேல்மலை மண்ணுக்கும் உள்ள உறவு இது.

ஆகவே பெயரைத் திருத்த வேண்டும் என்கிறேன். ‘எரிமலைச் சாம்பல் மண்’ என்ற தமிழ்ப் பெயர் நீலகிரியைப் பொய்யாக்குகிறது. அந்தப் பெயரைப் படித்த மாணவர் தன் மலையில் எரிமலை இல்லையே என்று புத்தகத்தை மூடிவிடுவார். காலடியில் இருப்பதைத் தேட மாட்டார். ஜப்பானிய உழவர் சொன்னது நிறத்தையும் நடையையும். அமெரிக்கர் எடுத்துக்கொண்டது இருளை. தமிழிலும் ‘மலைக்கருமண்’ என்றே சொல்லலாம். சாம்பலில் பிறந்தது, மக்கில் பிறந்தது இரண்டையும் அது தாங்கும். சமவெளிக் கரிசலிலிருந்தும் பிரித்துக் காட்டும்.

பெயர் மட்டும் போதாது. உழவருக்கு வழங்கும் மண்வள அட்டையில் அமிலத்தன்மை, கரிமம், தழைச்சத்து, மணிச்சத்து என்று 12 அளவுகள் இருக்கின்றன. மணிச்சத்தை மண் எவ்வளவு பிடித்துக்கொள்கிறது என்ற அளவு அதில் இல்லை. சமவெளிக்கு அது பெரிய குறையல்ல. கொடைக்கானல், உதகை போன்ற 2,000 மீட்டருக்கு மேற்பட்ட ஊர்களின் அட்டையில் அந்த ஒரு வரியைச் சேர்த்து, அளவு பொருந்திய இடத்தில் மலைக்கருமண் என்று தமிழில் எழுதிக் கொடுக்கட்டும். எந்த உரம் வீண், எந்தச் சரிவை உழக்கூடாது, எந்தச் சோலையைத் தொடக்கூடாது என்ற முடிவுகள் அந்த அட்டையிலிருந்தே தொடங்கலாம்.