ஓல்கா டெல்லிஸ் வழக்கு

பம்பாய் நடைபாதைவாசிகளை வெளியேற்றுவது குறித்து இந்திய உச்ச நீதிமன்றம் 1985 ஜூலை 10 அன்று தீர்ப்பளித்த வழக்கு. பிழைப்புக்கான உரிமை, அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று அரசியல் சாசன அமர்வு தெளிவாகச் சொன்னது இதில்தான். ஏழைகள் வென்ற வழக்காகவே பாடப்புத்தகங்களில் வருகிறது. உண்மையில் அவர்கள் வென்றது கொள்கையில் மட்டும், குடிசை போயிற்று.

1981 ஜூலை 13 அன்று மகாராஷ்டிர முதலமைச்சர் ஏ. ஆர். அந்துலே, நடைபாதையில் குடியிருப்போரை அகற்றிச் சொந்த ஊர்களுக்கு அனுப்பிவிடப்போவதாக அறிவித்தார். மழைக்காலத்தில் அவர்கள் படும் அவதியையும் ஒரு காரணமாகச் சொன்னார். ஆனால் இடிப்பு நடந்ததும் அதே மழைக்காலத்தில்தான்.

பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸின் பெயரால் வழக்கு அறியப்பட்டாலும், மனுதாரர்களில் ஒருவர் சேலத்துக்காரர். ஊரில் நிலமில்லாத கூலி. வறட்சியில் வேலையிழந்து 1961-இல் பம்பாய்க்குப் போனவர். தஹிசரில் ஒரு ரசாயன ஆலையில் தினக்கூலி 23 ரூபாய். மேற்கு விரைவு நெடுஞ்சாலையோரம் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போர்த்திய ஒரு குடிசைக்காக, அப்பகுதி தாதாவிடம் 2,500 ரூபாய் அழுதிருந்தார். ஜூலை 23 அன்று மாநகராட்சி ஊழியர்கள் அதை இடித்துவிட்டு, அவரை மனைவி, மூன்று மகள்களோடு சேலத்துக்குப் பேருந்தேற்றினார்கள். குடும்பம் ஊரில் தங்கிவிட்டது. அவர் மட்டும் வேலை தேடித் திரும்பிவந்து மறுபடி நடைபாதையில் ஒண்டினார். இன்னொரு தொகுதி மனுக்கள், விலே பார்லேயில் அதே நெடுஞ்சாலையருகே 1960-61 வாக்கில் உருவான குடியிருப்பைப் பற்றியவை. அதன் பெயர் காமராஜ் நகர்.

1888-ஆம் ஆண்டின் பம்பாய் மாநகராட்சிச் சட்டம், 314-ஆம் பிரிவின்படி, நடைபாதை ஆக்கிரமிப்பை முன்னறிவிப்பின்றியே அகற்ற ஆணையருக்கு அதிகாரம் தந்திருந்தது. தலைமை நீதிபதி ஒய். வி. சந்திரசூட் தலைமையிலான ஐவர் அமர்வு அதை ரத்துசெய்யவில்லை. முன்னறிவிப்பு தராமல் இருக்கலாம் என்றால் தரவே கூடாது என்று பொருளில்லை, அவசர நேரம் தவிர மற்றபடி சம்பந்தப்பட்டவரின் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்று விளக்கியது. குடிசையை இழந்தால் வேலையும் போகும், வேலை போனால் உயிர்வாழ வழியில்லை என்ற வாதத்தையும் ஏற்றது. அதே மூச்சில், நடைபாதை நடப்பவர்களுக்கானது என்றது. ஆணையர் தராத வாய்ப்பை மனுதாரர்களுக்கு நீதிமன்றமே தந்துவிட்டதாம். ஆகவே இனித் தனி விசாரணை தேவையில்லையாம். கச்சிதமான தர்க்கம்தான். கிடைத்த சலுகை, மழை முடிந்து அக்டோபர் 31 வரை அவகாசம். 1976 கணக்கெடுப்பில் அடையாள அட்டை பெற்றவர்களுக்கு மாற்று இடம் தரச் சொன்னார்கள். அதையும் வெளியேற்றத்துக்கு முன்நிபந்தனையாக வைக்கவில்லை.

சென்னைக் குடிசைவாசிகளுக்காக வழக்கறிஞர் கே. சந்துரு தொடுத்த வழக்கையும் உச்ச நீதிமன்றம் இத்தீர்ப்பின் வழியிலேயே முடித்தது.

இதன் பிறகு நீதிமன்றங்களின் போக்கு ஏறி இறங்கியிருக்கிறது. 2000-இல் அல்மித்ரா படேல் வழக்கில், ஆக்கிரமித்தவருக்கு இலவச மாற்று இடம் தருவது பிக்பாக்கெட்டுக்குப் பரிசு கொடுப்பது போல என்று உச்ச நீதிமன்றம் எழுதியது. பத்தாண்டு கழித்து, சுதாமா சிங் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் எதிர்த்திசையில் போனது: முதலில் கணக்கெடு, மறுவாழ்வுக்குத் தகுதியானவர் யாரெனப் பார், பிறகு அகற்று. ரயில்வே நிலத்திலிருந்த சகூர் பஸ்தி குறித்த அஜய் மாக்கன் வழக்கில் 2019-இல் அதே நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. மறு ஆண்டே, டெல்லி ரயில் பாதையோரம் இருந்த சுமார் 48,000 குடிசைகளை மூன்று மாதத்துக்குள் அகற்றும்படியும், எந்த நீதிமன்றமும் தடை விதிக்கக்கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பிறகு மத்திய அரசே இறங்கிவந்து, முடிவெடுக்கும்வரை இடிப்பதில்லை என்றது.

2024 நவம்பரில் 'புல்டோசர்' இடிப்புகள் பற்றிய தீர்ப்பில், கட்டடத்தை இடிக்கும்முன் 15 நாள் முன்னறிவிப்பு கட்டாயமாக்கப்பட்டது. சாலை, நடைபாதை, ரயில் பாதையோரம், நீர்நிலை ஆகியவற்றில் உள்ள அனுமதியற்ற கட்டுமானங்களுக்கு இது பொருந்தாது.