பண்டித ரமாபாயின் பைபிள்

புனேயிலிருந்து சென்னைக்கு ரயிலேறும் நம்மவர்கள், தவுண்டுக்கு முன்னால் வரும் கேட்காவ் என்ற சின்ன ஸ்டேஷனை அநேகமாகக் கவனித்திருக்க மாட்டீர்கள். பண்டித ரமாபாய் வாழ்ந்து மறைந்த ஊர் அது.

பெண்ணுக்கு சமஸ்கிருதம் கூடாது என்றிருந்த காலத்தில் பெற்றோரிடமே அதைக் கற்றவர். 1878-ல் கல்கத்தா பண்டிதர்கள் சோதித்துப் பார்த்துவிட்டு 'பண்டிதா', 'சரஸ்வதி' என்று பட்டம் கொடுத்தார்கள். 1883-ல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார்.

சண்டை அதற்கப்புறம்தான். திரித்துவம் பைபிளில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். சபை சொல்வதை ஏற்றுக்கொள் என்றார்கள் கன்னியாஸ்திரிகள். ஒரு புரோகிதக் கூட்டத்தை விட்டு வந்தது இன்னொன்றிடம் மாட்டிக்கொள்ளவா என்பதுதான் இவர் கட்சி. கணவரை இழந்து, சின்னக் குழந்தையோடு, அந்நிய மண்ணில், அடைக்கலம் கொடுத்தவர்களிடமே இப்படிப் பேச எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அதற்காக, மனதுக்குத் தோன்றியதையெல்லாம் அர்த்தம் என்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை. எபிரேயமும் கிரேக்கமும் கற்றார். முழு பைபிளையும் மராத்தியில் மொழிபெயர்த்தார். ஏற்கெனவே மராத்தி பைபிள் இருந்தது. ஆனால் அந்த நடை கிராமத்துப் பெண்களுக்கு எட்டவில்லை என்பது அவர் குறை. கேட்காவில் அவர் நடத்திய முக்தி இல்லத்துப் பெண்களே அச்சு வேலையும் பார்த்தார்கள். 1922-ல் அவர் இறந்தார். புத்தகம் 1924-ல் வந்தது.

எந்த வேதமானாலும் சரி, சுயமாகப் படிக்கிறேன் என்பவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் இவர்தான். கேள்வி கேட்டார், பதிலுக்காக உழைக்கவும் செய்தார். பள்ளியில் மராத்தி படிக்கும் உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.