மனவைத்தியம் பழகிய கதை

"ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்று நம்மூரில் சொல்லுவார்கள். பண்டிதர்கள் உடனே குறுக்கிட்டு, "பேரை அல்ல ஐயா, வேரை, கொன்றவன் அல்ல, கொண்டவன்" என்று திருத்துவார்கள். திருத்தம் சரியாகவே இருக்கட்டும். ஆனாலும் ஜனங்களின் வாயில் பழமொழி இப்படி மாறிப் போனதற்கு ஒரு காரணம் இருக்கத்தான் வேண்டும். வைத்தியம் கற்கிறவன் யாரோ ஒருவருடைய உடம்பில்தான் கற்றாக வேண்டும். அந்த யாரோ நாமாக இருக்கக் கூடாதே என்பது எல்லாருடைய பிரார்த்தனையும்.

உடம்புக்கு வைத்தியம் கற்கிறவருக்கு ஹவுஸ் சர்ஜன் என்ற ஏற்பாடு இருக்கிறது. பெரிய டாக்டர் பக்கத்தில் நிற்பார். கை தவறினால் பிடித்துக்கொள்வார். மனத்துக்கு வைத்தியம் கற்கிறவர் எங்கே, யார் பக்கத்தில் நின்று கற்பது? அமெரிக்காவில் இதற்கு விடை தேடிய கதை, நாவல் எழுதுகிற எனக்கு மிகவும் சுவையாக இருந்தது. ஓரிடத்தில் பயமாகவும் இருந்தது.

லைட்னர் விட்மர் என்பவர் ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் மனோதத்துவம் படித்துவிட்டு வந்து, பிலடெல்பியாவில் பென்சில்வேனியா சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்தார். 1896ல் மார்கரெட் மக்வயர் என்ற ஆசிரியை அவரிடம் ஒரு பையனைப் பற்றிச் சொன்னாள். பதினான்கு வயது, எழுத்துக் கூட்ட வரவில்லை. மனோதத்துவம் ஒரு சாஸ்திரம் என்றால் இந்தப் பையனுக்கு அதனால் உபயோகம் இருக்க வேண்டாமா? விட்மர் பையனை வரவழைத்துப் பரிசோதித்தார். கண்ணில் கோளாறு தெரிந்தது. மூக்குக் கண்ணாடி போட்டு, பொறுமையாகச் சொல்லிக் கொடுத்ததில் பையன் தேறினான். அந்த வருஷமே அவர் ஒரு கிளினிக் தொடங்கினார். 1907ல் அந்த வித்தைக்குக் 'கிளினிகல் சைக்காலஜி' என்று பெயரும் வைத்தார்.

மறு வருஷம், 1908ல், நியூ ஜெர்சி மாகாணத்தில் வைன்லாந்து என்ற ஊரில், மந்தபுத்தியுள்ள பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில், மனோதத்துவ மாணவர்கள் தங்கிப் பழகும் முதல் பயிற்சி ஏற்பட்டது. ஆராய்ச்சித் தலைவர் ஹென்றி காடர்டு. நான் பயந்த இடம் இதுதான்.

அந்தப் பள்ளியில் எட்டு வயதில் வந்து சேர்ந்த பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு டெபோரா என்று புனைபெயர் இட்டு, 1912ல் காடர்டு 'கல்லிகாக் குடும்பம்' என்ற புத்தகத்தை எழுதினார். ஒரு போர்வீரன் சத்திரத்துப் பெண் ஒருத்தியிடம் பெற்ற சந்ததி 480 பேர்; அவர்களில் 143 பேர் மந்தபுத்தி. அதே மனிதன் பிறகு நல்ல குடும்பத்தில் மணந்து பெற்ற சந்ததியோ எல்லாரும் கனவான்கள்! கல்லிகாக் என்ற பெயரே நல்லது, கெட்டது என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களின் ஒட்டு. இப்படிப்பட்ட கதை கிடைத்தால் எந்த நாவலாசிரியன் விடுவான்?

விபரீதம் அங்கேதான். காடர்டிடம் பழகிய எலிசபெத் கைட் என்ற பெண்மணி வீடு வீடாகப் போய், முகத்தைப் பார்த்தும் பேச்சைக் கேட்டும் யார் மந்தம் என்று முடிவு கட்டினாள். செத்துப் போனவர்களுக்குக் கூட, அக்கம்பக்கத்தார் சொன்னதைக் கேட்டு முத்திரை குத்தினாள். புத்தகம் 1914ல் ஜெர்மன் மொழியில் வந்தது; ஹிட்லர் பதவிக்கு வந்த 1933ல் மறுபடி அச்சாயிற்று. பிற்காலத்தில் வம்சாவளியைத் துருவியவர்கள், சத்திரத்துக் கதையே ஆதாரமற்றது என்று காட்டினார்கள். டெபோராவோ மர வேலை செய்தாள், பூத்தையல் போட்டாள், கார்னெட் வாத்தியம் வாசித்தாள். எல்லாம் காடர்டின் கண்ணெதிரே நடந்தவை. எட்டு வயதில் உள்ளே போனவள் 1978ல் அப்படிப்பட்ட விடுதியிலேயே இறந்தாள்.

நான் கதாபாத்திரத்தின் மனத்தைத் தப்பாகக் கணித்தால் விமர்சகர் நாலு வார்த்தை திட்டுவார், அவ்வளவுதான். மனவைத்தியனின் கதை தப்பினால் ஒரு பெண்ணின் ஆயுசு போய்விடுகிறது.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்தபோது அமெரிக்க ராணுவ வீரர் ஆஸ்பத்திரிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மனநோயாளிகளாக இருந்தார்கள். சிகிச்சைக்கு ஆள் இல்லை. 1946ல் அரசாங்கம் 22 சர்வகலாசாலைகளில் சுமார் 200 மாணவர்களுக்குச் சம்பளம் கொடுத்துப் பயிற்சி தொடங்கியது. வூஸ்டர் மனநல ஆஸ்பத்திரியில் பல வருஷம் மாணவர்களைப் பழக்கிய டேவிட் ஷாக்கோ, நான்கு வருஷப் படிப்பில் மூன்றாவது வருஷம் முழுவதும் ஆஸ்பத்திரியில்தான் என்று 1947ல் திட்டம் வகுத்தார். 1949ல் கொலராடோ மாகாணத்துப் போல்டர் நகரில் 73 பேர் இரண்டு வாரம் கூடிப் பேசினார்கள். சிகிச்சை செய்கிறவனே ஆராய்ச்சியும் செய்யத் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று.

"நோயாளியைக் கவனிக்கிறவனுக்குக் கணக்கும் புள்ளிவிவரமும் எதற்கு?" என்று வாசகர் கேட்கலாம். மூன்று வருஷத்தில் பதில் வந்தது. 1952ல் லண்டனில் ஹான்ஸ் ஐசென்க் என்பவர், நரம்புத் தளர்ச்சிக்காரர்களில் மூன்றில் இரண்டு பங்கு, சிகிச்சை செய்தாலும் செய்யாவிட்டாலும் தேறிவிடுகிறார்கள் என்று ஒரு குண்டைப் போட்டார். கோபித்துக்கொண்டு பயனில்லை, எண்ணிக் காட்ட வேண்டியிருந்தது. 1977ல் ஸ்மித், கிளாஸ் என்ற இருவர் 375 ஆராய்ச்சிகளைத் தொகுத்து, சிகிச்சை பெற்ற சராசரி மனிதன், பெறாதவர்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேரை விட நன்றாக இருக்கிறான் என்று காட்டினார்கள்.

இரட்டைச் சுமை வேண்டாம், சிகிச்சைக்கு மட்டும் ஆள் தயாரிப்போம் என்ற கட்சியும் எழுந்தது. 1973ல் வெயில் என்ற ஊரில் கூடிய மாநாடு அதற்கும் இடம் கொடுத்தது. அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. பட்டம் வாங்கியவர்களில் பலர் பிறகு ஒரு கட்டுரையும் பிரசுரிப்பதில்லையாம்.

கட்டுரை எழுதாவிட்டால் போகட்டும். எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பற்றித் தன் மனத்தில் அழகான கதை ஒன்று உருவாகிவிட்டதும், "இது பொய்யாக இருந்தால் எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கப் பழகியிருந்தால் போதும். ஆஸ்பத்திரியில் கழிக்கிற அந்த ஒரு வருஷத்தில், பக்கத்தில் நிற்கும் பெரியவர் சொல்லிக் கொடுக்க வேண்டிய முதல் பாடம் அதுதான். வைன்லாந்தில் காடர்டின் பக்கத்தில் நின்று அதைக் கேட்க அன்றைக்கு ஆள் இல்லை.